மலைக்கு மூட்டை கட்டும்போது: நெருப்பு வேண்டாத சைவச் சாப்பாடு

கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட பிறகு மறைமலை நகர்க்காரர்களுக்குத் தெற்கே போவது கொஞ்சம் சுலபமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து வந்து, குளித்து, முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஜி.எஸ்.டி. சாலையில் ஏறினால் விடியும்போது ஏதோ ஒரு மலையடிவாரம். பர்வதமலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், வெள்ளியங்கிரிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், 2024 அக்டோபரில் வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் திறந்துவிட்ட 40 பாதைகளில் ஒன்றுக்கு முன்பதிவு செய்துகொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். எங்கே போனாலும் கிளம்புவதற்கு முந்தைய நாள் வீட்டில் எழும் கேள்வி ஒன்றுதான்: சாப்பாட்டுக்கு என்ன எடுத்துப் போவது? சைவம் மட்டும் சாப்பிடுகிறவர் என்றால் கேள்வி இன்னும் கொஞ்சம் நீளும். வழியில் கிடைப்பதை நம்ப முடியாது, கூட வருகிறவர் பிரித்துத் தரும் பொட்டலத்தை நம்பலாமா என்றும் தெரியாது.

இணையத்தில் தேடினால் கையடக்க கேஸ் அடுப்பு, டைட்டேனியம் பாத்திரம், வெந்நீர் ஊற்றினால் தயாராகும் உறைநிலையில் உலர்த்திய பாஸ்தா என்று கிடைக்கும். அதெல்லாம் வேறு ஊர் மலைகளுக்கு. நம் ஊரில் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, போகிற இடத்தில் அடுப்பு மூட்டலாமா என்பதை. தமிழ்நாட்டுக் காடுகளில் பெரும்பாலும் அதற்கு விடை: கூடாது.

1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டத்தின்படி காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது குற்றம். அது பழைய சட்டம், பலர் கண்டுகொள்ளாமல் இருந்தார்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததும் நிலைமை மாறியது. அதே ஆண்டு மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. சோதனைச் சாவடிகளில் பையைத் திறந்து பார்ப்பது வழக்கமானது. மார்ச், ஏப்ரலில் மலைப்புல் காய்ந்து கிடக்கும்போது ஒரு பொறி என்ன செய்யும் என்பதைக் குரங்கணிக்குப் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

சரி, அடிவாரத்தில் சமைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். அடுப்பை அங்கே எப்படிக் கொண்டுபோவது? ரயிலில் கேஸ் சிலிண்டர், ஸ்டவ், மண்ணெண்ணெய் எதற்கும் அனுமதி இல்லை. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நிறுத்தி வைத்திருந்த சுற்றுலா ரயில்பெட்டி எரிந்து ஒன்பது பேர் இறந்தது, விதியை மீறி உள்ளே கொண்டுவந்திருந்த கேஸ் சிலிண்டரால்தான். விமானத்தில் அந்தக் குட்டி கேஸ் கேன்கூட ஏறாது.

ஆகவே அடுப்பை மறந்துவிட்டு யோசிப்பதுதான் புத்திசாலித்தனம். மறந்தால் பை சட்டென்று இலேசாகிவிடுகிறது. அடுப்பு, கேன், பாத்திரம், மூடி, இடுக்கி எல்லாம் சேர்ந்து ஒரு கிலோவுக்கு மேல் போகும். அந்த எடைக்கு இன்னொரு லிட்டர் தண்ணீர் எடுத்துப் போகலாம். நம் ஊர் வெயிலில் அதுதான் அதிகம் உதவும்.

எடை என்றதும் பலரும் பையை வாங்குவதில் பணத்தைக் கொட்டுகிறார்கள். உணவில் எடை எங்கே இருக்கிறது என்று பார்த்தால் கதை எளிது. அது தண்ணீர். 100 கிராம் வெந்த சோற்றில் சுமார் 130 கலோரி. அதே 100 கிராம் அரிசியாக இருந்தபோது சுமார் 350. நடுவில் சேர்ந்தது தண்ணீர் மட்டுமே. தயிர்ச்சோறு டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறவர் அரைவாசிக்கு மேல் தண்ணீரைத்தான் தூக்குகிறார். வாழைப்பழம், ஆப்பிள், வெள்ளரி எல்லாமே அப்படித்தான். 100 கிராம் வாழைப்பழத்தில் 90, 100 கலோரிக்கு மேல் இல்லை. முதல் நாள் காலையில் சாப்பிட்டுத் தீர்த்துவிட வேண்டியவை அவை.

மறுபக்கம் வேர்க்கடலை: 100 கிராமில் 560க்கும் மேல். கொப்பரை 650ஐத் தாண்டும். நெய்யும் நல்லெண்ணெயும் 900. அவல், பொட்டுக்கடலை, வெல்லம் எல்லாம் 350க்கும் 390க்கும் இடையில் நிற்கும். பேரீச்சை 280 சொச்சம். இந்த எண்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. 100 கிராமுக்கு 350 கலோரிக்குக் குறைவான எதுவும் இரண்டாம் நாளைக்குப் பையில் இருக்கக் கூடாது என்ற ஒரு கணக்கு போதும். பேரீச்சைக்கு மட்டும் விலக்கு. அது வாய்க்கு ஈரம் தருவதால்.

கடைகளில் விற்கும் ‘ரெடி டு ஈட்’ பொட்டலங்களை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். மைசூரில் 1961இல் தொடங்கிய பாதுகாப்பு உணவு ஆராய்ச்சிக் கூடம் ராணுவ வீரர்களுக்காக உருவாக்கிய தொழில்நுட்பங்கள் பின்னாளில் நம் மளிகைக் கடைக்கும் வந்தன. உறையோடு சேர்த்து உயர் வெப்பத்தில் வேகவைத்த பொங்கல், புலாவ், பாலக் பன்னீர் எல்லாம் அந்த வழியில் வந்தவை. கெடாது, குளிர்பெட்டி வேண்டாம், சுவையும் மோசமில்லை. ஆனால் பிரித்தால் உள்ளே இருப்பது ஈரமான சாப்பாடு. 300 கிராம் பொட்டலத்தில் பெரும்பகுதி தண்ணீர்தான். ரயிலுக்கு நல்லது, விடுதி அறைக்கு நல்லது. முதுகில் சுமக்க வேண்டாம். அதே கூடம் உலர்ந்த உப்புமா, அல்வா கலவைகளையும் உருவாக்கியது. அவை இலேசானவை, ஆனால் வெந்நீர் கேட்கும்.

வெந்நீரும் கேட்காத, எடையும் இல்லாத சைவ உணவு எங்கே இருக்கிறது? அநேகமாக உங்கள் சமையலறை மேல்தட்டில். அவல், பொரி, பொட்டுக்கடலை, வறுத்த மாவு. இவை எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக்குணம்: நெருப்பு வேலையை யாரோ முன்பே முடித்துவிட்டார்கள். அவலுக்கு நெல்லை ஊறவைத்து, சூடான மணலிலோ சட்டியிலோ வறுத்து, சூட்டோடு இடிக்கிறார்கள். அந்த ஈரமும் சூடும் சேர்ந்ததில் அரிசியின் மாவுச்சத்து அப்போதே வெந்துவிடுகிறது. நாம் ஊற்றும் பச்சைத்தண்ணீர் அதை வேகவைப்பதில்லை, மென்மையாக்குகிறது, அவ்வளவுதான். அதனால்தான் அவல் குளிர்ந்த நீரிலேயே சோறாகிறது, பச்சரிசி நாள் முழுக்க ஊறினாலும் பச்சரிசியாகவே இருக்கிறது.

அவலிலும் ரகம் பார்க்க வேண்டும். மெல்லிசு அவல் இரண்டு மூன்று நிமிடத்தில் ஊறிக் கூழாகிவிடும். கெட்டி அவலுக்கு 15, 20 நிமிடம் தேவை, ஆனால் உதிரியாக நிற்கும், மென்று சாப்பிட்ட திருப்தி இருக்கும். சிவப்பு அவல் அரை மணி நேரம்கூடக் கேட்கும். நடையை நிறுத்துவதற்கு அரை மணி முன்பே டப்பாவில் தண்ணீர் ஊற்றி மூடி, பையில் நிமிர்த்தி வைத்து நடந்தால், உட்காரும்போது சாப்பாடு தயார். இதற்காகவே திருகு மூடி போட்ட ஒரு டப்பாவை எடுத்துப் போங்கள். அழுத்து மூடி டப்பா பைக்குள் திறந்துகொண்டால் அன்று இரவு போர்வையும் புளி அவல்தான்.

புளி அவலை வீட்டிலேயே உலர்கலவையாகச் செய்துகொள்ளலாம். புளியை நார், கொட்டை நீக்கிப் பிய்த்து, கல்லுப்போடு வெறும் வாணலியில் இளந்தீயில் வைத்தால் ஈரம் போய் மொறுமொறுவென்று வரும். அதோடு வறுத்த மிளகாய், கொத்தமல்லி விதை, கொஞ்சம் வெந்தயம், எள், பெருங்காயம் சேர்த்துப் பொடிக்க வேண்டும். தனியாக நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, வேர்க்கடலை, கறிவேப்பிலை தாளித்து ஆறவிட வேண்டும். கறிவேப்பிலை நொறுங்கும் அளவுக்குப் பொரிய வேண்டும். அதில் ஈரம் மிச்சம் இருந்தால் இரண்டாம் நாள் கலவை முழுவதும் மக்கல் வாடை அடிக்கும். கெட்டி அவலை மிக்சியில் ஒரே ஒரு சுற்று ஓட்டி ரவை பதத்துக்கு உடைத்து எல்லாவற்றையும் கலந்துவிட்டால் முடிந்தது. மலையில் ஒரு டம்ளர் கலவைக்கு ஏறக்குறைய முக்கால் டம்ளர் தண்ணீர், பத்து நிமிடம். இனிப்பு வேண்டுமென்றால் அவலோடு நாட்டுச்சர்க்கரை, பால்பவுடர், ஏலக்காய், கொப்பரைத் துருவல். தேங்காய்த் துருவல் வேண்டாம், கொப்பரைதான். ஈரத் தேங்காய் நம் ஊர்ப் புழுக்கத்தில் அரை நாளில் ஊசிப்போகும்.

சத்துமாவு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. கடையில் ‘ஹெல்த் மிக்ஸ்’ என்று வாங்குவதும் குழந்தைக்கென்று வீட்டில் அரைப்பதும் பெரும்பாலும் கஞ்சியாகக் காய்ச்சிக் குடிப்பதற்கானவை. முளைகட்டிக் காயவைத்த கேழ்வரகு, சோளம், பயறு எல்லாம் அதில் லேசாகத்தான் வறுபட்டிருக்கும். அதைப் பச்சைத்தண்ணீரில் கரைத்துக் குடித்தால் வாயில் பச்சை மாவு வாடை, வயிற்றில் கடமுடா. மலைக்குத் தனியாக ஒரு மாவு அரைத்துக்கொள்ள வேண்டும். புழுங்கலரிசியைச் சிவந்து பொரியும்வரை வறுங்கள். பாசிப்பருப்பையும் அப்படியே, வாசனை வந்து நிறம் மாறும்வரை. பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுபட்டது, சூடேற்றினால் போதும். மூன்றும் சம அளவு, கொஞ்சம் சுக்கு, ஏலக்காய், இரண்டு சிட்டிகை உப்பு.

மாவு மில்லில் கொடுக்கும்போது வேர்க்கடலையையும் சேர்த்துக் கொடுத்தால் மில்காரர் டப்பாவைத் திருப்பி நீட்டிவிடுவார். “கடலையை இதுல போடாதீங்கம்மா, எண்ணெய் விட்டா கல்லு அடைச்சிக்கும். அதை வீட்டுல மிக்சில போட்டுக்குங்க.” அவர் சொல்வது சரிதான். வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலையை, அரைத்து வந்த மாவில் ஒரு கரண்டி சேர்த்து மிக்சியில் விட்டு விட்டு ஓட்டினால் எண்ணெய் பிரியாமல் பொடியாகும். “அண்ணா, ரொம்ப நைசா வேணாம்” என்றும் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது. நைசான மாவு தண்ணீரில் கட்டி கட்டியாக நிற்கும், கொஞ்சம் கொரகொரப்பானது கரையும். வீட்டுக்கு வந்ததும் சூடு ஆறும்வரை தாளில் பரப்பி வையுங்கள்; மில் சூட்டோடு டப்பாவில் அடைத்தால் உள்ளே வேர்த்துவிடும்.

இதே மாவை வெல்லப்பாகில் பிடித்தால் பொரிவிளங்காய் உருண்டை. வாரக்கணக்கில் கெடாது, பையின் அடியில் கிடந்து நசுங்காது. நசுங்காததற்குக் காரணம் அதன் கடினம். பல்லில் பிரச்சினை உள்ளவர்கள் பாகை இளசாக எடுத்துக்கொள்ளட்டும்.

முதல் நாள் சாப்பாட்டுக்கு இந்தக் கஷ்டமெல்லாம் வேண்டாம். கட்டுச்சோறு இருக்கிறது. இரவு கிளம்பி மறுநாள் மதியம்வரை தாங்குவது எது என்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்த விஷயம்: மிளகாய்ப்பொடி, நல்லெண்ணெய் தடவிய இட்லியும் புளியோதரையும். புளியின் அமிலம், உப்பு, எண்ணெய் மூன்றும் சேர்ந்து கிருமிகளின் வேகத்தை மட்டுப்படுத்துகின்றன. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. வெந்த அரிசியில் வேகும்போதும் சாகாத ஒருவகைக் கிருமிவித்து இருக்கும். சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் மூடியே இருந்தால் அது முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஆகவே சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி நன்றாக ஆறவிட்டு, புளிக்காய்ச்சல் தூக்கலாகவே கலந்து, இலையில் கட்டுங்கள். சூட்டோடு டிபன் பாக்ஸில் அடைப்பதுதான் மிகக் கெட்ட வழி. எலுமிச்சைச் சோறு மறுநாள் காலைக்குள், தேங்காய்ச் சோறு வேண்டவே வேண்டாம். புளியோதரையையும் மறுநாள் மதியத்துக்கு மேல் வைத்துக்கொண்டு சோதித்துப் பார்க்காதீர்கள். மலை உச்சியில் வாந்தி எடுப்பவரைக் கீழே இறக்குவது கூட வந்தவர்களுக்குத்தான் வேலை.

தூக்கிச் செல்லும் உணவு என்பது நமக்குப் புதிதுமில்லை. சபரிமலை இருமுடியில் முன்முடி சாமிக்கு. நெய்த்தேங்காயும் பூசைப்பொருளும் அதில். பின்முடி போகிறவருக்கு, வழிச்சாப்பாட்டுக்கான அரிசியும் அவலும் மற்றதும். எருமேலியிலிருந்து அழுதை, கரிமலை ஏறிப் பம்பைக்குப் போகும் பெருவழியில் கடையும் வண்டியும் இல்லாத காலத்தில் பல நாள் நடைக்கான உணவு இப்படித் தலையில்தான் போனது. அன்றைக்குக் காட்டில் அடுப்பு மூட்ட முடிந்தது, அதனால் அரிசி எடுத்தார்கள். இன்றைக்கு நாம் அரிசியை விட்டுவிட்டு அவலை மட்டும் எடுக்கிறோம்.

எவ்வளவு எடுப்பது? நாள் முழுக்க மூட்டையோடு ஏறி இறங்குகிற நடுத்தர உடல்வாகு உள்ளவருக்கு ஏறக்குறைய 2,500 கலோரி வேண்டும். குளிர்ப்பகுதி, செங்குத்து என்றால் இன்னும் கூடும். ஒரு நாளுக்கான பொட்டலம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். காலையில் வறுத்த மாவு 100 கிராம், நாட்டுச்சர்க்கரை 50 கிராம் போட்டுக் கரைத்தது. மதியம் அவல் 100 கிராம், மேலே பருப்புப்பொடி 30 கிராம், நெய்யோ நல்லெண்ணெயோ 20 கிராம். நடக்க நடக்கக் கொறிப்பதற்கு வேர்க்கடலை 75, பொட்டுக்கடலை 50, பேரீச்சை 50, கடலைமிட்டாய் 50. மாலையில் உப்பும் காரமுமாக ஏதாவது வேண்டியிருக்கும். ரிப்பன் பக்கோடா 50. மொத்தம் 575 கிராம், சுமார் 2,450 கலோரி. அந்த எண்ணெயை விட்டுவிடாதீர்கள். பையில் மிகக் குறைந்த எடையில் மிக அதிக சக்தி தருவது அதுதான். வறண்ட அவல் தொண்டையில் இறங்குவதற்கும் அதுவே வழி.

இரவில் எங்காவது தங்குகிறீர்கள் என்றால் அந்த வேளைக்கும் அவலோ மாவோ கூடுதலாகக் கட்டிக்கொள்ளுங்கள். அடிவாரத்தில் மெஸ் கிடைத்தால் இதில் கால்வாசியைக் குறைத்துவிடுங்கள். கோவில் அன்னதானத்தை நம்பிக் குறைக்க வேண்டாம்.

சைவர்களிடம் எல்லோரும் கேட்பது புரதம். மேலே சொன்ன பொட்டலத்தில் அது 60 கிராமுக்குக் குறையாது. வேர்க்கடலை, பொட்டுக்கடலை, வறுத்த மாவில் இருக்கும் பாசிப்பருப்பு, பருப்புப்பொடி எல்லாம் சேர்ந்து கொடுத்துவிடுகின்றன. இரண்டு மூன்று நாள் நடைக்கு அது தாராளம். பால் சேர்த்துக்கொள்பவர்கள் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் இரண்டு கரண்டி மாவில் கலந்தால் இன்னும் வசதி, அதில் மூன்றில் ஒரு பங்கு புரதம். பார்கள், புரதப் பவுடர் டப்பாக்கள் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. அந்த விலைக்கு ஒரு கிலோ கடலைமிட்டாய் வாங்கிப் பேருந்து முழுக்கக் கொடுக்கலாம்.

சாப்பாட்டில் ஒழுங்கு பார்ப்பவருக்கு மறைமலை நகர் பொருத்தமான ஊர்தான். பெயர் தந்த மறைமலை அடிகள் 1911 முதல் பல்லாவரத்தில் வாழ்ந்தவர், மரக்கறி உணவை வலியுறுத்தியவர், நூறாண்டு வாழ்வது எப்படி என்று ஒரு நூலே எழுதியவர். அவர் காலத்தில் உறையைத் திருப்பிப் பார்க்கும் வேலை இல்லை, நமக்கு இருக்கிறது. பொட்டல உணவு வாங்கினால் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். சூப் பொடி, நூடுல்ஸ் மசாலா, மெல்லும் மிட்டாய் மூன்றிலும் கூடுதல் கவனம் தேவை; மென்மிட்டாய்களில் விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கக்கூடும். வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கிவந்து கொடுத்த மலையேற்ற உணவில் இந்தக் குறி இருக்காது, சேர்மானப் பட்டியலைத்தான் படிக்க வேண்டும்.

தண்ணீர். காய்ந்த சாப்பாடு எடுத்துப் போகிறவர் தண்ணீர்க் கணக்கைச் சேர்த்துப் போட்டாக வேண்டும். வெயிலில் ஏறும்போது மணிக்கு அரை லிட்டர் குடிக்க வேண்டியிருக்கும், அவலுக்கும் மாவுக்கும் சேர்த்து நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் தனியாக. பாதையில் சுனை உண்டு என்று சொல்வார்கள். கோடையில் அது ஈரப் பாறையாக இருக்கும். தண்ணீர் கிடைப்பது சந்தேகம் என்றால் ஊறவைக்கும் உணவைக் குறைத்து, அப்படியே தின்னும் கடலை, பேரீச்சை, உருண்டையை அதிகமாக்குங்கள். கிடைக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் அவல் பக்கம் சாயலாம்.

வியர்வையில் போகும் உப்பையும் திருப்பித் தர வேண்டும். வெறும் தண்ணீரை மட்டும் மடமடவென்று குடித்துக்கொண்டே ஏறினால் பிற்பகலில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும், தலை கனக்கும். உப்பில் ஊறிக் காய்ந்த நாரத்தங்காய் நாலு துண்டு, மோர் மிளகாய் வறுத்தது, உப்பு நெல்லிக்காய் வற்றல், இவை எடையே இல்லாதவை, நாக்கு செத்துப்போன நேரத்தில் சாப்பிடவும் வைக்கும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு பையின் மேல் பாக்கெட்டில் இருக்கட்டும். தீர்ந்துபோனால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு சமமட்டத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு.

கட்டும் விதத்தில் இரண்டு பேரை மனதில் வைக்க வேண்டும்: வனக்காவலர், குரங்கு. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. வெள்ளியங்கிரி போன்ற இடங்களில் அடிவாரத்திலேயே பையைச் சோதித்து எடுத்து வைத்துவிடுவார்கள். அங்கே நின்று பிஸ்கட் உறையைப் பிரித்துத் தாளில் கொட்டிக்கொண்டிருப்பதை விட, வீட்டிலேயே துணிப்பையிலும் சிறு எவர்சில்வர் டப்பாவிலும் வேளைக்கு ஒன்றாகப் பிரித்துக் கட்டிவிடலாம். ஒவ்வொரு வேளையையும் தனித்தனியாகக் கட்டுவதில் இன்னொரு லாபம், முதல் நாளே எல்லாக் கடலைமிட்டாயும் தீர்ந்துபோகாது. வெல்லம் சேர்ந்த பண்டம் நம் ஊர்க் காற்றில் கசியும் என்பதால் வெண்ணெய்த்தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றுங்கள்.

குரங்குக்குக் கைப்பை தெரியும், பளபளக்கும் உறையின் சரசரப்பும் தெரியும். கையில் எதையும் தொங்கவிடாமல் எல்லாவற்றையும் முதுகுப்பைக்குள் வைத்து ஜிப்பை மூடுங்கள். பர்வதமலைக் கடப்பாறைப் பாதை மாதிரி இரண்டு கையாலும் பற்றி ஏற வேண்டிய இடங்களில் அதுவே பாதுகாப்பும்கூட. யானை நடமாடும் காட்டில் வாழைப்பழம், கரும்பு, பலாப்பழம் எல்லாம் தவிர்க்க வேண்டியவை. மிச்சத்தை மரத்தடியில் கொட்டுவது புண்ணியம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இல்லை, அது அடுத்து வருகிறவரைக் குரங்கிடம் மாட்டிவிடுவது.

அடுப்பு அனுமதிக்கப்படும் இடத்துக்கே போகிறீர்கள், உதாரணமாக இமயமலையில் சொந்தமாகக் கூடாரம் போட்டு நடக்கிறீர்கள் என்றால் கணக்கு மாறும். அங்கே வேறொரு தொல்லை. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைந்து, தண்ணீர் முன்கூட்டியே கொதித்துவிடும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். 3,000 மீட்டரில் 90 டிகிரியிலேயே கொதி. பானை தளதளவென்று கொதிக்கும், துவரம்பருப்பு உள்ளே கல்லாகக் கிடக்கும். குக்கர் சுமக்க மனமில்லாதவர்கள் பருப்பை வறுத்துப் பொடித்து எடுத்துப் போகலாம், அல்லது இங்கேயே வேகவைத்து, மசித்து, தட்டில் மெல்லிசாகத் தடவி, கத்திரி வெயிலில் சருகாகக் காயவைத்து நொறுக்கிக்கொள்ளலாம். சோற்றையும் அப்படியே உதிரியாக வடித்துக் காயவைக்கலாம். வற்றல் போடும் மொட்டைமாடி உள்ள ஊருக்கு இதற்கென்று தனி மெஷின் வாங்க வேண்டியதில்லை. சேமியா, உலர்ந்த அரிசிச் சேவை இரண்டும் அந்த உயரத்திலும் ஏமாற்றாது. மீல்மேக்கரில் பாதிக்குப் பாதி புரதம், எடையும் கிடையாது, வெந்நீரில் ஊறிவிடும்; சாம்பார்பொடியும் எண்ணெயும் இல்லாமல் அதைச் சாப்பிடுவது மட்டும் ஒரு தவம்.

புதிதாகக் கட்டிய மூட்டையை நேராக வெள்ளியங்கிரிக்குத் தூக்கிப் போகாதீர்கள். செங்கல்பட்டிலிருந்து அரை மணி பேருந்தில் திருக்கழுக்குன்றம். வேதகிரீஸ்வரர் மலைக்கு 500க்கு மேல் படிகள். ஞாயிறு காலை வீட்டில் இட்லி சாப்பிடாமல், கரைத்த மாவை மட்டும் குடித்துவிட்டு, முழு மூட்டையோடு ஏறி இறங்குங்கள். மதியம் அந்த அவல்தான். பத்து மணிக்கே பசித்தால் மாவில் கடலையைக் கூட்டுங்கள், வயிறு கனத்தால் குறையுங்கள். இறங்கி வந்ததும் டப்பாக்களைத் திறந்து பார்த்து, எது தொடப்படாமல் திரும்பி வந்ததோ அதை அடுத்த வாரப் பையிலிருந்து எடுத்துவிடுங்கள். அநேகமாக அது அந்த ஒரு கிலோ ஆப்பிளாக இருக்கும்.